குடிசைப் பகுதிகள் உட்பட

2016 ஏப்ரல் 8 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகளில், 15ஆம் விதி உள்ளாட்சிகளின் கடமைகளைச் சொன்னது. 4ஆம் விதி, குப்பை போடுகிறவர்களின் கடமைகளைச் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், கால்வாய்க் கரையில் தகரக் கூரையின் கீழ் குடியிருப்பவருக்கு அரசு என்ன வாக்குக் கொடுத்தது, பதிலுக்கு அவரிடம் என்ன கேட்டது என்பது தெரியும். மூலத்தின் சாரத்தை என் தமிழில் துண்டுதுண்டாகத் தந்து உரை சொல்கிறேன்.

*குடிசைப் பகுதிகள், முறைசாராக் குடியிருப்புகள் உட்பட எல்லா வீடுகளிலும்…*

குடிசைப் பகுதி என்று சொன்ன பிறகு முறைசாராக் குடியிருப்பு எதற்கு? தமிழ்நாட்டில் அரசு அறிவித்தால்தான் அது சட்டப்படி குடிசைப் பகுதி. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அந்த ஆண்டே சென்னையில் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17. அதற்கப்புறம் கூவம் ஓரத்திலும் பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் எழும்பிய எத்தனையோ வரிசைகள் அந்தப் பட்டியலில் ஏறவில்லை. அங்கிருந்து யாராவது குப்பை வண்டி கேட்டுப் போனால், "அது புறம்போக்கும்மா" என்று ஒரே வார்த்தையில் கதையை முடித்துவிடலாம். இரண்டாவதாகச் சேர்த்த சொல் அந்த வாயை அடைத்தது. பட்டா இருக்கிறதா என்று விதி கேட்கவில்லை. வீடு இருந்தால் போதும், குப்பை எடுத்தாக வேண்டும் என்றது. 2000ஆம் ஆண்டு விதிகளும் குடிசைகளை விட்டுவிடவில்லை. 16 ஆண்டு கழித்தும் அதையே திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது என்பதிலிருந்து நிலவரத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

*வீடுவீடாகச் சென்று சேகரிக்க வேண்டும்…*

பேட்டரி வண்டி சந்துக்குள் நுழையாது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம். அதிலும் பாதியைக் குடங்கள் பிடித்திருக்கும். வண்டி சந்து முனையில் நின்று விசில் ஊதிவிட்டுப் போகிறது. வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் அதற்கு முன்பே கிளம்பியிருப்பார்கள். கட்டி வைத்த கவர் அன்று முழுக்க வாசலிலேயே கிடக்கும், நாய் வந்து பிரிக்கும்வரை.

இதே வாக்கியத்தின் பிற்பகுதி ஒரு சலுகை தந்தது: பல மாடிக் கட்டடங்கள், வணிக வளாகங்கள், மால்கள் என்றால் நுழைவாயிலில் வைத்தே குப்பையை வாங்கிக்கொள்ளலாம். குடிசைக்கு அந்தச் சலுகை எழுதப்படவில்லை. அங்கே வாசல்வரை போயே ஆகவேண்டும் என்றிருந்தது. சந்து முனையில் நிற்கும் வண்டி, மாடிவீட்டுக்காரருக்குச் சொன்னதைக் குடிசைக்கும் நீட்டிக்கொண்ட வண்டி. ஒருவர் அன்னக்கூடையோடு உள்ளே நடந்துபோனால் தீர்ந்துபோகிற விஷயம் இது. அந்த ஒருவருக்குக் கூலி கொடுக்கத்தான் மனம் வருவதில்லை.

*மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்து, தனித்தனித் தொட்டியில்…* (4ஆம் விதி)

பத்தடிக்குப் பத்தடி அறையில் மூன்று தொட்டிக்கு இடம் எங்கே என்பது முதல் கேள்வி. ஆனால் பிரிக்கும் வேலை அங்கே எப்போதோ நடந்துகொண்டிருக்கிறது. சுவரில் அடித்த ஆணியைப் பாருங்கள். அதில் தொங்கும் பையில் ஓரம் வெட்டி, அலசி, காயவைத்த பால் கவர்கள். கட்டிலுக்கு அடியில் பாட்டில் மூட்டை. கூரைமேல் அட்டை. உடைந்த குண்டானும் துருப்பிடித்த கம்பியும் காயலாங்கடைக்குப் போகக் காத்திருக்கும். வடித்த கஞ்சியும் காய்கறித் தோலும் பக்கத்து வீட்டு ஆட்டுக்கு. காசு தேறும் எதுவும் இங்கே குப்பைக்குப் போவதில்லை. தரம் பிரிப்பது எப்படி என்று துண்டறிக்கை கொடுக்க வருகிறவர்கள் அந்த ஆணியை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கலாம்.

எனவே பேச வேண்டியது மிச்சத்தைப் பற்றி. மீன் கழுவிய செதிலும் குடலும், டயாப்பர், நாப்கின், பிஸ்கட் உறை, ஷாம்பு பாக்கெட். இந்தக் கடைசி இரண்டும் பல அடுக்கு ஒட்டிய தாள். எந்தப் பழைய பேப்பர் கடையும் எடைபோடாது. அன்றாடக் கூலியில் குடும்பம் நடத்துகிறவருக்குப் பெரிய பாட்டில் கட்டுபடியாகாது, இரண்டு ரூபாய் பாக்கெட்தான் வாங்க முடியும். விற்க முடியாத குப்பை ஏழை வீட்டில் சேருவதற்குக் காரணம் அந்த வீடு அல்ல, பாக்கெட் போட்ட கம்பெனி. நாப்கினும் டயாப்பரும் தயாரிப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் உறை சேர்த்துத் தர வேண்டும் என்றும் இதே விதிகள் கூறின. உறை இல்லையென்றால் வேறு எதிலாவது சுற்ற வேண்டும். செய்தித்தாள் வாங்காத வீட்டில் எதில் சுற்றுவது?

தோட்டக் கழிவைத் தனியே வைக்கச் சொல்லும் வரியை இங்கே தாண்டிப் போகலாம்.

*தெருவிலோ, கால்வாயிலோ, நீர்நிலையிலோ எறியவோ எரிக்கவோ புதைக்கவோ கூடாது…*

சரியான வரிதான். கால்வாயில் போட்டது ஐப்பசி மழையில் வீட்டுக்குள்ளேயே திரும்பி வரும் என்பது கரையில் இருப்பவரைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் மீன் குடல் அந்த அறையில் இரண்டு நாள் தாங்காது. வண்டி வராத நாளில் அபராதம் போடுவது நியாயமாகாது. எரிப்பதில் ஒன்றை மட்டும் தனியே பார்க்க வேண்டும்: வயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பது. குப்பையை ஒழிக்கும் வேலையல்ல அது, பிழைப்பு. அந்தப் புகை முதலில் போவது கொளுத்துகிறவரின் பிள்ளைகளின் நெஞ்சுக்குள். தடை உத்தரவால் அது நிற்காது. வயரை உரித்துக் கொடுக்கும் கருவி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் நிற்கலாம்.

*குப்பை பொறுக்குவோரின் அமைப்புகளை அங்கீகரித்து, வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்…* (15ஆம் விதி, 'சி' பிரிவு)

விதி எழுதப்படும் முன்பே இதைச் செய்து காட்டிய ஊர் புனே. அங்கே குப்பை பொறுக்கும் பெண்கள் 1993இல் சங்கம் கட்டினார்கள். 2008இல் 'ஸ்வச்' என்ற கூட்டுறவு மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வேலையைத் தொடங்கியது. உறுப்பினர்களே அதன் சொந்தக்காரர்கள். வாசலுக்குப் போய் குப்பையை வாங்குகிறார்கள், மாதக் கட்டணத்தை வீட்டாரிடமே பெறுகிறார்கள், காய்ந்த குப்பையை விற்கும் காசும் அவர்களுக்கே. குடிசைப் பகுதிகளில் கட்டணம் குறைவு. குறையும் தொகையில் மாநகராட்சியும் பங்கு போடுகிறது. சந்து எவ்வளவு குறுகலாக இருந்தாலும் நடந்துபோகிறவருக்குத் தடையில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் காலம் வந்தால் மட்டும் இழுபறிதான்.

*பொருள் மீட்பு நிலையங்கள் அமைத்து, பிரித்தெடுக்கப் போதிய இடம் தர வேண்டும்…* ('எச்' பிரிவு)

எல்லாப் பிரிவுகளிலும் இதைத்தான் நான் அழுத்திப் படிப்பேன். அடுக்குமாடி வீட்டார் கழித்துவிட்ட பாட்டிலும் அட்டையும் பொறுக்குகிறவரோடு சேர்ந்து குடிசை வாசலுக்கு வருகின்றன. அங்கேதான் கொட்டி, கிளறி, பிரித்து மூட்டை கட்டுகிறார்கள். விலைபோவது கடைக்குப் போகிறது, விலைபோகாதது அந்தச் சந்திலேயே தங்கிவிடுகிறது. ஊரார் குப்பையின் கசடு அது. போகிற வருகிறவர்களோ, "பாரு, எப்படி வெச்சிருக்காங்க" என்று மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

நீர்நிலைப் புறம்போக்கில் பிரிப்பதற்கான கொட்டகை போட எந்த அதிகாரியும் கையெழுத்திட மாட்டார், சரி. மாநகராட்சியின் சொந்த வார்டு அலுவலக முற்றத்தில் ஒரு மூலை போதுமே. மேலே கூரை, கை கழுவக் குழாய், நேர்மையான தராசு, கசடை அன்றன்றே ஏற்றிப்போக ஒரு வண்டி.