மடியும் வாசற்படியும்

எங்கள் வீட்டு ஜிம்மிக்கு ஆறு கிலோ எடை. கோவையில் வெள்ளையாக, புசுபுசுவென்று இருக்கிற எந்தச் சின்ன நாய்க்கும் பொமரேனியன் என்றுதான் பெயர். அதுவும் அந்தப் பெயரோடுதான் வந்தது. இனம் தெரிந்தவர்கள் இந்தியன் ஸ்பிட்ஸ் என்பார்கள். 1980களிலும் 90களிலும் வெளிநாட்டு நாய்கள் எளிதில் கிடைக்காத காலத்தில், நம் ஊர் வெயிலைத் தாங்கிக்கொண்டு நடுத்தரக் குடும்பங்களுக்குள் நுழைந்த இனம் அது. ஜிம்மி 2020 ஊரடங்கில் குட்டியாக வந்தது. வந்த நாளிலிருந்து ஒன்றரை ஆண்டு, வீட்டில் ஆள் இல்லாத ஒரு மணி நேரத்தைக்கூட அது பார்த்ததில்லை.

அதனிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன. நான் சோபாவில் உட்கார்ந்தால் மடியில் ஏறிச் சுருண்டுகொள்ளும். அப்போது என் மகன் பக்கத்தில் வந்தால் உறுமும். ஒருமுறை அவன் கையில் பல் பட்டுத் தோல் கிழிந்தது. இது ஒன்று. நான் வேலைக்குக் கிளம்பி லிஃப்ட் கதவு மூடியதும் ஊளையிட ஆரம்பித்து, தொண்டை கட்டும்வரை நிறுத்தாது. வாசற்கதவின் கீழ்ப்பகுதியை நகத்தால் சுரண்டிச் சுரண்டி மரத்தின் வெண்மை தெரிய வைத்துவிட்டது. இது இன்னொன்று. வீட்டுக்கு வந்த ஒறம்பரை முதலாவதைப் பார்த்து, "அதுக்கு உங்க மேல அத்தனை பாசமுங்க" என்றார்கள். கீழ்வீட்டு அக்கா இரண்டாவதைக் கேட்டுவிட்டு, "பாவமுங்க, பாசக்கார நாயி" என்றார். நாங்களும் இரண்டையும் பாசம் என்ற ஒரே பையில் போட்டு இரண்டு ஆண்டுகளை வீணாக்கினோம். ஒரே பையில் போட்டதால் ஒன்றுக்கான வைத்தியத்தை மற்றதற்குச் செய்தோம். அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியது.

முதலில் இரண்டும் எப்போது வருகின்றன என்று பார்க்கலாம். மடியில் உறுமுவதற்கு ஆள் வேண்டும். காக்க ஒரு பொருள் வேண்டும், அதை நோக்கி ஒருவர் வரவும் வேண்டும். அந்தப் பொருள் சோற்றுப் போசியாக இருக்கலாம், திருடிய காலுறையாக இருக்கலாம், மெத்தையின் ஒரு மூலையாக இருக்கலாம், ஒரு மனிதரின் மடியாகவும் இருக்கலாம். உறுமல் மட்டுமே உள்ள நாயை வெறும் வீட்டில் விட்டால் அது நிம்மதியாகத் தூங்கும். வாசற்படி அழுகைக்கு நேர்மாறாக ஆள் இல்லாமல் போக வேண்டும். அந்த நேரத்தில் நாம் அங்கே இருப்பதில்லை என்பதால் நாம் கண்டுகொள்வது கிழிந்த மெத்தையையும் அக்கம்பக்கத்தாரின் முகச்சுளிப்பையும் மட்டும்தான். பழைய கைப்பேசி ஒன்றைச் சாய்த்து வைத்துப் படம் எடுத்தபோதுதான் எங்களுக்குக் கண் திறந்தது. கதவு சாத்திய சில நிமிடங்களிலேயே வாய் பிளந்து மூச்சிரைக்கிறது, எச்சில் ஒழுகுகிறது, கதவுக்கும் ஜன்னலுக்கும் மாறி மாறி ஓடுகிறது. வைத்துவிட்டுப் போன கோழி ஈரலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிரிவுப் பதற்றம் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்திலேயே முகத்தைக் காட்டிவிடும். சலிப்பில் செருப்பைக் கடிக்கிற நாய் ஈரலை முதலில் முடித்துவிட்டுத்தான் செருப்புக்குப் போகும்.

உடலின் பேச்சும் வேறு. மடியைக் காக்கிற நாய் அசையாது. வால் நிற்கும், மூச்சு நிற்கும், தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டும்போது வெள்ளை விழி பிறைபோலத் தெரியும். அடுத்து உதடு மேலே ஏறும், உறுமும், காற்றைக் கவ்வும், கடைசியில்தான் கடிக்கும். பெரிய நாய் இந்தப் படிகளில் முதல் படியில் நின்றாலே நாம் விலகிவிடுகிறோம். ஆறு கிலோ நாய் உறுமினால் சிரிக்கிறோம், "பாரு, எத்தனை லொள்ளு" என்று கைப்பேசியில் படமெடுக்கிறோம், ஒரு கையால் தூக்கி அப்பால் வைத்துவிடுகிறோம். மெதுவாகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை என்று அது கற்றுக்கொள்கிறது. பென்சில்வேனியாவில் ஜேம்ஸ் செர்பெல் குழுவினர் 2008இல் வெளியிட்ட இன ஒப்பீட்டில், மனிதர்களிடம் மூர்க்கம் காட்டுவதில் முன்னே நின்றவை டாக்ஸ்ஹண்ட், சிவாவா போன்ற குட்டை இனங்கள். அதை நான் நாயின் குணமாக மட்டும் படிக்கவில்லை. சின்ன நாயை நாம் நடத்தும் விதமும் அதில் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அறிவியலிலும் இந்த இரண்டுக்கும் தனித்தனிப் படங்கள் கிடைக்கின்றன. 2014இல் சான் டியேகோவில் கிறிஸ்டின் ஹாரிஸும் கரோலின் பிரூவோஸ்டும் 36 நாய்களைச் சோதித்தார்கள். சமாளிக்க எளிது என்பதால் சின்ன நாய்களாகவே தேர்ந்தெடுத்தார்கள். உடையவர் தன் நாயைக் கண்டுகொள்ளாமல் ஒரு பொம்மை நாயைக் கொஞ்சினார்; பிறகு ஒரு பூசணி வடிவ வாளியைக் கொஞ்சினார்; பிறகு ஒரு குழந்தைப் புத்தகத்தை வாசித்தார். பொம்மை நாயைக் கொஞ்சியபோது 78 சதவீத நாய்கள் உடையவரை முட்டித் தள்ளின. வாளிக்கு 42, புத்தகத்துக்கு 22. கால்வாசி நாய்கள் பொம்மை நாயைக் கவ்வவும் பாய்ந்தன. மடியின் கதை இதில் இருக்கிறது. வாசற்படியின் கதை 1998இல் புடாபெஸ்டில் எழுதப்பட்டது. தாயைப் பிரியும் குழந்தைகளைக் கவனிக்க மேரி எய்ன்ஸ்வொர்த் வகுத்த சோதனையை யோசப் டோபாலும் ஆடம் மிக்லோசியும் நாய்களுக்கு நடத்தினார்கள். 51 நாய்கள். உடையவர் அறையில் இருந்தால் விளையாடின, சுற்றிப் பார்த்தன. வெளியாரோடு விட்டுப் போனதும் கதவருகே போய் நின்றன. இவையெல்லாம் நலமான நாய்கள். இரண்டின் விதையும் எல்லா நாயிடமும் இருக்கிறது. ஜிம்மியிடம் அது முளைத்துக் கிளைவிட்டிருந்தது, அவ்வளவுதான்.

இனி நாங்கள் செய்த தவறு. மடியில் உறுமியதும் "நீ பெரிய ஆளா?" என்று அதட்டி, தூக்கிக்கொண்டு போய் அறைக்குள் அடைத்தோம். உறுமலுக்குத் தண்டனையாகத் தனிமையைக் கொடுத்தோம். ஏற்கனவே தனிமைக்கு நடுங்குகிற நாய்க்கு அறைக்கதவு என்பதே பயத்தின் அடையாளமாகிவிட்டது. மறுபக்கம், நாளெல்லாம் அழுததே என்ற குற்ற உணர்வில் மாலை முழுக்க மடியை விட்டு இறக்காமல் வைத்துக்கொண்டோம். கிடைக்காமல் போய்த் திரும்பக் கிடைத்த மடிக்கு விலை ஏறாதா? அதைக் காப்பதில் இன்னும் கடுமையானது. ஒன்றின் மருந்து மற்றதற்கு உரமானது.

அதட்டலுக்குப் பின்னால் ஒரு பழைய நம்பிக்கை உண்டு, நாய் நமக்குத் தலைவனாகப் பார்க்கிறது என்று. ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் கூண்டு ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து வளர்ந்த கருத்து அது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மீச் 1999இல், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று எழுதித் திருத்தினார். நாய் பழிவாங்குகிறது என்பதும் அதே மாதிரிதான். தப்பென்று தெரிந்தே வீட்டைக் கலைத்துவிட்டுத் தலைகுனிந்து நிற்கிறதே என்பார்கள். 2009இல் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களிடம் சோதித்தார். நாய் தப்புச் செய்ததா இல்லையா என்பதற்கும் அந்தக் குனிந்த முகத்துக்கும் தொடர்பில்லை. உடையவர் திட்டினாரா என்பதோடுதான் தொடர்பு இருந்தது.

மடிக்கு வைத்தியம், ஆள் நெருங்குவதையே நல்ல செய்தியாக்குவது. மகன் எட்டடி தள்ளி நிற்பான். ஜிம்மி விறைக்காத தூரம் அது. அங்கிருந்தே விரல்நக அளவு வெந்த ஈரல் துண்டை வீசிவிட்டுத் திரும்பிப் போய்விடுவான். அவன் வந்தால் ஈரல் வரும், போனால் ஈரலும் போகும். வாரங்கள் ஆனபின் ஏழடி. திருடிய பொருளைப் பிடுங்குவதில்லை. அதைவிட நல்லதைக் கொடுத்து மாற்றிக்கொள்கிறோம், முடிந்தால் திருடியதையே திருப்பியும் கொடுக்கிறோம். மடியிலிருந்து இறங்கவும் கையால் தள்ளுவதில்லை. தரையில் ஒரு துண்டு விழும், தானே இறங்கும். உறுமினால் திட்டுவதே இல்லை, பின்வாங்குகிறோம். உறுமலை அடக்கிவிட்டால் எச்சரிக்கை போய்விடும், கடி மட்டும் மிஞ்சும். குழந்தை இருக்கிற வீட்டில் இதைவிட ஆபத்து வேறில்லை. இந்தப் பயிற்சிகூட ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தால்தான்.

வாசற்படிக்கு வைத்தியம் பொறுமையை இன்னும் அதிகம் கேட்கிறது. நாய் பதறாத நேரம் எவ்வளவோ அதற்குள் திரும்பிவிட வேண்டும். ஜிம்மிக்கு அது ஐந்து விநாடியாக இருந்தது. சாவிக் கொத்தையும் ஹெல்மெட்டையும் டிபன் கேரியரையும் எடுத்துவிட்டு எங்கும் போகாமல் சும்மா உட்கார்ந்தேன், அந்த ஓசைகளுக்குப் பொருள் இல்லை என்று அதற்குத் தெரியும்வரை. பிறகு கதவு திறந்து மூடல். பிறகு ஐந்து விநாடி வெளியே, இருபது விநாடி, மறுபடி எட்டு விநாடி. நேரம் ஏறிக்கொண்டே போகக் கூடாது. இதில் கடினமானது, பயிற்சி நடக்கும் மாதங்களில் அதைத் தனியே விடவே கூடாது என்பது. ஒருநாள் முழுக்க அழவிட்டால் சேர்த்ததெல்லாம் கரைந்துவிடும். எங்களுக்கு என் அம்மா கைகொடுத்தார். அப்படி ஆள் இல்லாத வீடுகள் எப்படிச் சமாளிக்கும் என்று நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. "கொஞ்ச நாள் அழுதா சரியாயிரும்" என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம்! ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். பயந்த நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் வளரும் என்று அஞ்ச வேண்டாம். ஆறுதல் பயத்தை வளர்க்காது.

கொங்கு நாட்டுத் தோட்டத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. காங்கயம் பக்கம் எங்கள் அப்பாரு (தாத்தா) சாளையில் ஒரு நாய் இருந்தது. கிளுவை வேலியும் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் உள்ள கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் செம்மறிகளோடு திரியும். காப்பது அங்கே அதன் வேலை. உறுமினால் சோறு உண்டு. ஆனால் குழந்தைகளுக்கு ஒரு கட்டளை இருந்தது: "சோறு திங்கறப்ப நாய்கிட்ட போவாத சாமி." வீட்டுப் பின்பக்கப் பொடக்காலியில் ஒரே இடத்தில் போசி வைக்கப்படும், அது தின்று முடிக்கும்வரை யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். நகரத்தில் நாய் பழகட்டும் என்று தின்னும் தட்டுக்குள் கையை விட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். இதில் அப்பாரு சொன்னதே சரி. பிரிவிலும் அங்கே ஒரு வித்தியாசம். அப்பாரு சந்தைக்குக் கிளம்பினால் நாய் இட்டேரிப் பாதை முனைவரை கூடவே போகும், நின்று பார்க்கும், தானாகத் திரும்பிக் கட்டுத்தறி ஓரம் படுத்துவிடும். எவ்வளவு தூரம் போவது, எப்போது திரும்புவது என்பதை அதுவே முடிவு செய்தது. எங்கள் பீளமேட்டு வீட்டின் மூன்றாவது மாடியில் அந்த முடிவை லிஃப்ட் கதவு செய்துவிடுகிறது.

தோட்டத்தை ரொம்பவும் புகழ்ந்துவிடக் கூடாது. தென்னையடியில் நாள் முழுக்கக் குட்டைச் சங்கிலியில் கிடந்து பைத்தியம் பிடித்ததுபோல் சுற்றும் நாய்களும் நம் தோட்டங்களில் உண்டு. நாயை நியாயமற்ற நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. அதே காங்கயம், வெள்ளக்கோவில் வட்டாரத்தில் தெருநாய்கள் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கொன்றதும், விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியதும் அண்மை ஆண்டுகளில் நடந்தவைதான்.

மருத்துவரிடம் இரண்டுக்கும் போக வேண்டும், ஆனால் வேறு வேறு கேள்விகளோடு. மடியில் உறுமும் நாய்க்கு எங்காவது வலி இருக்கிறதா என்பது முதல் கேள்வி. சின்ன இனங்களில் முழங்கால் சில்லு இடம் நழுவுவது அடிக்கடி நடக்கும்; சொத்தைப் பல்லும் அப்படியே. தூக்கும்போது வலித்தால் தூக்க வரும் கையைப் பார்த்து உறுமத்தான் செய்யும். வாசற்படி நாய்க்கு மாத்திரையும் உதவலாம். குளோமிப்ரமின் 1998இலும் ஃபுளுவாக்ஸெட்டின் 2007இலும் நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்கென்றே அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. பயிற்சியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியவை, பலன் தெரிய வாரங்கள் ஆகும், வீட்டில் இருக்கும் மனித மாத்திரையை நாமே உடைத்துக் கொடுக்கவே கூடாது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985இலிருந்து இருக்கிறது. இப்போது உடுமலையிலும் ஒன்று. கோழிக்கும் மாட்டுக்கும் அங்கே போகிற நாம் நாயின் மனசுக்கும் போகலாம்.

பல் பட்ட அன்று என் மகனின் கையை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினோம். வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே என்று விடவில்லை. ஆஸ்பத்திரியில் சொன்னபடி அன்றும் 3, 7, 28ஆம் நாட்களிலும் தோலில் ஊசி போட்டுக்கொண்டான். மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் குன்னூரில் 1907இல் வெறிநாய்க்கடி சிகிச்சைக்கென்று தொடங்கிய பாஸ்டர் நிலையம் இருக்கிற ஊர்ப்பக்கம் நாங்கள். இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு அலட்சியம் செய்வது நியாயமில்லை.

இன்றைய நிலவரம் இது. வாசற்படியில் ஒரு மணி நாற்பது நிமிடம் வரை ஜிம்மி தாங்குகிறது. கதவருகே படுக்காமல் பால்கனி ஓரம் வெயிலில் படுக்க ஆரம்பித்திருப்பதைப் படத்தில் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மடி இன்னும் மெதுவாகத்தான் நகர்கிறது. மகன் மூன்றடிவரை வருகிறான். மூன்றடியில் அதன் வால் நின்றுவிடுகிறது. அவன் அதைப் பார்த்துவிட்டு ஈரலைக் கீழே வைக்கிறான், ஓரடி பின்னால் போய் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறான்.