அரிசி ஆலைத் தூசியும் நுரையீரல் நலமும்: தூசி வடிகட்டும் கருவிகளைப் பாதுகாப்பாக நிறுவுதலும் இயக்குதலும்

திருச்சிராப்பள்ளிக்கும் ஸ்ரீரங்கத்திற்கும் வடக்கே, கொள்ளிடத்தைத் தாண்டி அமைந்துள்ள மண்ணச்சநல்லூர் வட்டம் அரிசி ஆலைகளுக்குப் பெயர் பெற்றது. 'மண்ணச்சநல்லூர் பொன்னி' என்னும் பெயர் தமிழ்நாட்டின் பல மளிகைக் கடைகளில் வழங்குகிறது. சமயபுரமும் இவ்வட்டத்திற்குள் அடங்கியதே. சுற்றுவட்டாரக் குடும்பங்களில் ஆலைத் தொழிலாளர்களும், சுமைப்பணியாளர்களும், தவிடு, உமி ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்களும் உள்ளனர். நீண்ட நாள் இருமலுடனும் மூச்சுத்திணறலுடனும் புறநோயாளிப் பிரிவிற்கு வருவோரில் இவர்களும் அடங்குவர். இன்ஹேலரை ஒழுங்காகப் பயன்படுத்தியும் குணம் காணாத ஒருவரின் நோய்க்கான காரணம், சில நேரங்களில் அவர் பணிபுரியும் இடத்தின் பழுதடைந்த தூசி வடிகட்டியாக இருக்கக்கூடும். எனவே அக்கருவியைப் பற்றி நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் அறிந்திருத்தல் நலம்.

முக்கியக் குறிப்புகள்

• அரிசி ஆலைத் தூசி ஆஸ்துமா, நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி, கண் புண் ஆகியவற்றை உண்டாக்கலாம்.
• தூசியை அது எழும் இடத்திலேயே உறிஞ்சி வடிகட்டுவதே முதன்மையான பாதுகாப்பு. முகக்கவசம் அதற்கு அடுத்த நிலையிலேயே வைக்கத்தக்கது.
• பணி நாள்களில் மிகுந்து, விடுப்பு நாள்களில் குறையும் இருமல், பணியோடு தொடர்புடைய நோயின் அடையாளமாக இருக்கலாம்.
• மருத்துவரிடம் உங்கள் பணியின் தன்மையைத் தவறாமல் தெரிவியுங்கள்.

தூசி எங்கே உண்டாகிறது?

நெல்லைக் கொட்டும் குழி, சலிக்கும் இயந்திரம், எலிவேட்டர், உமி நீக்கும் ஷெல்லர், அரிசியைத் தீட்டும் பாலிஷர், மூட்டை பிடிக்கும் இடம் ஆகியவை தூசி மிகுதியாக எழும் இடங்களாகும். நெல்லின் எடையில் ஏறத்தாழ 20 விழுக்காடு உமியாகும். அவ்வுமியே பெரும்பாலும் பாய்லருக்கு எரிபொருளாகப் பயன்படுவதால், சாம்பல் தூசியும் சேர்ந்துகொள்கிறது. உமிச் சாம்பலின் பெரும்பகுதி சிலிக்கா ஆகும். மிகுந்த வெப்பத்தில் எரியும்போது அதன் ஒரு பகுதி நுரையீரலுக்குத் தீங்கு விளைவிக்கும் படிக வடிவத்தைப் பெறக்கூடும்.

கண்ணுக்குத் தெரியும் பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடுகின்றன. 10 மைக்ரானுக்கும் குறைந்த துகள்கள் மூச்சுக்குழல்களையும், அவற்றினும் நுண்ணியவை நுரையீரலின் காற்றறைகளையும் சென்றடைகின்றன. தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரான் எனில், இத்துகள்களின் நுண்மையை உணரலாம். ஆலைக்குள் புழுதி கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் மட்டும் காற்று தூயது எனக் கொள்ளலாகாது.

தூசியால் வரும் நோய்கள்

தானியத் தூசியின் தீங்கு மருத்துவ உலகிற்குப் புதியதன்று. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி 1700-ஆம் ஆண்டில் வெளியிட்ட தொழில்சார் நோய்கள் பற்றிய நூலில், தானியம் சலிப்போருக்கும் அளப்போருக்கும் வரும் நோய்களைத் தனியே விளக்கியுள்ளார்.

1. பணிசார் ஆஸ்துமா: இருமல், இளைப்பு, நெஞ்சு இறுக்கம் ஆகியவை பணி நேரத்திலோ, பணி முடிந்த இரவிலோ தோன்றும். சில நாள்கள் விடுப்பு எடுத்தால் குறையும். தொடக்கத்திலேயே தூசியிலிருந்து விலகினால் குணமடையும் வாய்ப்பு மிகுதி. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால், பணியை விட்ட பின்னரும் நோய் நீடிக்கலாம்.

2. நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி: சளியுடன் கூடிய இருமல் பல மாதங்கள் நீடிக்கும். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்குப் பாதிப்பு மேலும் கடுமையாகும்.

3. ஒவ்வாமையால் வரும் நுரையீரல் அழற்சி: பூஞ்சை பிடித்த, ஈரமான நெல்லைக் கையாண்ட 4 முதல் 8 மணி நேரத்தில் காய்ச்சல், உடல்வலி, வறட்டு இருமல் தோன்றும். இதைச் சாதாரண சளிக்காய்ச்சல் எனக் கருதிப் பலர் விட்டுவிடுகின்றனர்.

4. கண் பாதிப்பு: உமியோ நெல் சுனையோ கருவிழியைக் கீறினால், அவ்வழியே பூஞ்சைத் தொற்று ஏற்பட்டுப் பார்வை பறிபோகலாம்.

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால், அதைத் தூசியின் விளைவு என்று மட்டும் எண்ணிவிடாமல், காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

தூசி வடிகட்டும் கருவி எவ்வாறு செயல்படுகிறது?

இக்கருவித் தொகுதியில் நான்கு பகுதிகள் உண்டு. தூசி எழும் இடத்தை மூடி உறிஞ்சும் முகப்பு, தூசியைச் சுமந்து செல்லும் காற்றுக் குழாய், தூசியைப் பிரிக்கும் வடிகட்டி, காற்றை இழுக்கும் புளோயர் என்பன அவை.

வடிகட்டிகளில் இரு வகை பெரிதும் வழக்கில் உள்ளன. சைக்ளோன் என்னும் கூம்பு வடிவக் கருவி, காற்றைச் சுழலச் செய்து கனமான துகள்களை ஓரத்தில் ஒதுக்கிக் கீழே விழச் செய்கிறது. உமிக்கும் தவிட்டுக்கும் இது ஏற்றது. ஆயினும் நுரையீரலைச் சென்றடையும் நுண்துகள்களில் பெரும்பகுதி இதிலிருந்து தப்பிவிடும். துணிப் பைகளால் ஆன பை வடிகட்டி அந்நுண்துகள்களையும் தடுத்து நிறுத்துகிறது. எனவே சைக்ளோனை மட்டும் வைத்திருக்கும் ஆலையில் தூசிக் கட்டுப்பாடு முழுமையானதன்று.

நிறுவும்போது கவனிக்க வேண்டியவை

• உறிஞ்சு முகப்பு தூசி எழும் இடத்திற்கு மிக அருகில் அமைய வேண்டும். முகப்பிலிருந்து சற்று விலகினாலும் உறிஞ்சும் வேகம் பெரிதும் குறைந்துவிடும். தொழிலாளி மூச்சு விடும் இடத்தைக் கடந்து தூசி செல்லாதவாறு அதன் திசை அமைய வேண்டும்.
• குழாயினுள் காற்று நொடிக்கு ஏறத்தாழ 18 முதல் 20 மீட்டர் வேகத்தில் செல்ல வேண்டும். வேகம் குறைந்தால் தூசி குழாயிலேயே படிந்து அடைத்துக்கொள்ளும். பிற்காலத்தில் புதிய இயந்திரங்களைப் பழைய குழாயோடு இணைக்கும்போது இக்குறை நேர்கிறது.
• புளோயரை வடிகட்டிக்குப் பின்னால் அமைத்தல் நன்று. அப்போது குழாயில் ஓட்டை விழுந்தாலும் வெளிக்காற்று உள்ளே செல்லுமேயன்றி, தூசி வெளியே வராது.
• வெளியேறும் காற்று வீடுகள், பள்ளிகள், தொழிலாளர் உணவருந்தும் இடம் ஆகியவற்றை நோக்கி அமையக் கூடாது.
• உறிஞ்சப்படும் காற்றுக்கு ஈடாகப் புதிய காற்று உள்ளே வர வழி வேண்டும். கதவுகளையும் சன்னல்களையும் முற்றிலும் அடைத்துவிட்டால் கருவி செயலிழந்ததுபோல் ஆகும்.
• பைகளை மாற்றுவதற்கு உறுதியான ஏணி, கைப்பிடி, மேடை ஆகியவை முதலிலேயே அமைக்கப்பட வேண்டும்.

வெடிப்பு அபாயம்

காற்றில் மிதக்கும் தானியத் தூசி ஒரு தீப்பொறியால் வெடிக்கக்கூடியது. 1878-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரிலிருந்த வாஷ்பர்ன் மாவு ஆலையில் மாவுத் தூசி வெடித்து 18 பேர் உயிரிழந்தனர். உலகெங்கும் மாவு ஆலைகளில் தூசி சேகரிப்பு வலியுறுத்தப்பட இவ்விபத்து ஒரு காரணமாயிற்று.

வடிகட்டும் கருவிக்குள் தூசி செறிந்திருப்பதால், அக்கருவியே அபாயத்தின் இருப்பிடமாகவும் ஆகலாம். ஆகவே அதைக் கட்டடத்திற்கு வெளியே நிறுவுதல், வெடிப்பின் அழுத்தம் ஆளில்லாத பக்கம் வெளியேற வழி அமைத்தல், குழாய்களையும் பைச் சட்டங்களையும் மண்ணோடு மின்னிணைப்புச் செய்தல், நிலைமின்னேற்றம் சேராத பைகளைப் பயன்படுத்துதல் ஆகியன இன்றியமையாதவை. பாய்லர் புகைக் குழாயைத் தூசிக் குழாயோடு இணைக்கவே கூடாது. உத்தரங்களின் மீதும் மின்பெட்டிகளின் மீதும் படிந்த தூசியை அவ்வப்போது அகற்ற வேண்டும். உள்ளே தூசி இருக்கும்போது குழாயிலோ எலிவேட்டரிலோ வெல்டிங் செய்வது உயிருக்கே ஆபத்தாகும்.

இயக்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலில் புளோயரை இயக்கி, அதன் பின்னரே ஆலை இயந்திரங்களை இயக்க வேண்டும். நிறுத்தும்போது இயந்திரங்களை முதலில் நிறுத்தி, சில நிமிடங்கள் கழித்துப் புளோயரை நிறுத்த வேண்டும்.

பை வடிகட்டியில் அழுத்த வேறுபாட்டைக் காட்டும் அளவி ஒன்று இருக்கும். கருவி புதிதாக நன்கு இயங்கும்போது அது காட்டும் அளவைக் குறித்து வைத்து, நாள்தோறும் ஒப்பிட வேண்டும். அளவு தொடர்ந்து உயர்ந்தால் பைகள் அடைபட்டுள்ளன என்று பொருள். திடீரெனத் தாழ்ந்தால் பை கிழிந்திருக்கலாம் அல்லது கழன்றிருக்கலாம். வெளியேறும் குழாயின் வாயில் தூசி படிந்திருப்பதும் பை கிழிந்ததற்கான அடையாளமே. மின்கட்டணத்தைக் குறைக்கும் நோக்கில் இரவுப் பணியில் புளோயரை நிறுத்தி வைப்பது, அப்பணியிலுள்ளோரின் நுரையீரலைப் பணயம் வைப்பதாகும்.

தூய்மைப் பணியின்போது

ஒரு நாளின் பெரும்பகுதித் தூசி, கருவியைத் துப்புரவு செய்யும் அரை மணி நேரத்திலேயே உடலுக்குள் சென்றுவிடலாம். எனவே கீழ்க்காண்பவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

• மின்இணைப்பைத் துண்டித்துப் பூட்டி, சாவியைப் பணி செய்பவரே வைத்திருக்க வேண்டும்.
• பைகளைத் திறந்தவெளியில் அடித்து உதறக் கூடாது.
• அழுத்தக் காற்றால் உடலையோ உடையையோ ஊதித் துப்புரவு செய்யக் கூடாது.
• தவிடு, உமி சேரும் தொட்டிக்குள் தனியாக இறங்கக் கூடாது. மேலே நிலையாகத் தோன்றும் உமி சரிந்து ஆளை மூடிவிடும்.
• ஆஸ்துமா உள்ளவரை இப்பணியில் ஈடுபடுத்தலாகாது.

முகக்கவசம்

தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது நுண்துகள்களைத் தடுக்காது. ஐ.எஸ். 9473 தரக்குறியீடு கொண்ட வடிகட்டும் முகக்கவசம் அல்லது என்-95 வகை ஏற்றது. அது முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். தாடி இருந்தால் பொருந்தாது. மூச்சு விடக் கடினமாகும்போதும், நனையும்போதும், கிழியும்போதும் மாற்ற வேண்டும். மூச்சுத்திணறல் உள்ளவர் மருத்துவரைக் கேட்ட பின்னரே அணிய வேண்டும்.

வீட்டில் பராமரிப்போர் செய்ய வேண்டியவை

• பணியிலிருந்து திரும்பியவர் குளித்து உடை மாற்றிய பின்னரே குழந்தைகளைத் தூக்க வேண்டும். பணி உடையை வீட்டிற்குள் உதறாமல், தனியாக நனைத்துத் துவைக்க வேண்டும்.
• விறகடுப்புப் புகை, கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணிப் புகை ஆகியவற்றை நோயாளி படுக்கும் அறையில் தவிர்க்க வேண்டும்.
• நோயாளிக்கு எந்நாளில், எந்நேரத்தில் இருமல் மிகுகிறது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வர வேண்டும். அன்று பணி நாளா, விடுப்பு நாளா என்பதையும் சேர்த்து எழுதுக.
• தடுப்பு இன்ஹேலரை நலமாக இருக்கும் நாள்களிலும் நிறுத்தக் கூடாது. அதைப் பயன்படுத்திய பின் வாய் கொப்பளிக்க வேண்டும்.
• கண்ணில் உமி விழுந்தால் தேய்க்காமல் தூய நீரால் கழுவி, உடனே கண் மருத்துவரை அணுக வேண்டும். நாக்கால் எடுப்பது, தாய்ப்பால் விடுவது, கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தை இடுவது ஆகியவை பார்வைக்குக் கேடு விளைவிக்கும்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

'ஆலையில் வேலை' என்று மட்டும் கூறாமல், எந்த இயந்திரத்தின் அருகில், எத்தனை ஆண்டுகளாக, நாளைக்கு எத்தனை மணி நேரம் பணிபுரிகிறீர்கள், அங்கு தூசி உறிஞ்சும் கருவி இயங்குகிறதா, உடன் பணிபுரிவோருக்கும் இதே தொல்லை உண்டா என்பனவற்றைத் தெரிவியுங்கள். மருத்துவர் ஸ்பைரோமெட்ரி என்னும் மூச்சுத்திறன் பரிசோதனையையும் மார்பு எக்ஸ்ரேயையும் பரிந்துரைக்கலாம். மூச்சு வேக அளவியால் பணி நாள்களிலும் விடுப்பு நாள்களிலும் நாளொன்றுக்குக் குறைந்தது நான்கு முறை சில வாரங்கள் அளந்து எழுதினால், பணிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு தெளிவாகும்.

வேலை போய்விடும் என்னும் அச்சத்தால் பலர் பணி விவரத்தை மறைக்கின்றனர். பணிசார் ஆஸ்துமா என உறுதியானாலும், தூசி குறைந்த வேறு பிரிவிற்கு மாறுதல், கருவியைச் சீர்செய்தல் ஆகியவை முதலில் ஆராயத்தக்க வழிகளாகும். மருத்துவரைக் கேளாமல் திடீரென வேலையை விடவும் வேண்டாம். மருந்தின் துணையோடு அதே தூசியில் தொடரவும் வேண்டாம்.

உடனடி உதவி தேவைப்படும் அறிகுறிகள்

ஒரு முழு வாக்கியம் பேச இயலாத மூச்சுத்திணறல், உதடு அல்லது நகம் நீலமாதல், குழப்பம் அல்லது மயக்கம், நிவாரண இன்ஹேலர் எடுத்தும் குறையாத இளைப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் 108-ஐ அழையுங்கள். ஊர்தி வரும்வரை நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்து, மருத்துவர் எழுதித் தந்தவாறு நிவாரண இன்ஹேலரை ஸ்பேசர் வழியாகக் கொடுங்கள்.

உரிமைகளும் உதவியும்

தூசியை அது எழும் இடத்திற்கு மிக அருகிலேயே உறிஞ்சி அகற்ற வேண்டும் என 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 14-ஆம் பிரிவில் வகுத்தது. வெடிக்கும் தூசி குறித்து அதன் 37-ஆம் பிரிவு கூறியது. 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்பும் தூசியற்ற பணிச்சூழலை அமைக்கும் கடமையை வேலையளிப்பவரிடமே வைத்துள்ளது. ஆலைக்குள் உள்ள குறைகளைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திற்கும், குடியிருப்புகளில் படியும் சாம்பல், தூசி குறித்துத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கும் எழுதலாம்.

சிகிச்சைக்கு முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். மேல்சிகிச்சைக்குத் திருச்சிராப்பள்ளி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குப் பரிந்துரைக்கப்படும். இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றோர் அதன் மருந்தகங்களிலும் சிகிச்சை பெறலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்னும் எண்ணை அழைக்கலாம்.

மருத்துவமனைக்கு வரும்போது பழைய மருந்துச் சீட்டுகள், எக்ஸ்ரே படங்கள், இன்ஹேலர், வீட்டில் எழுதிய குறிப்பேடு ஆகியவற்றை உடன் கொண்டு வாருங்கள்.