கிரோஜிஸ்க் ஊரின் புகைக் கோதுமை பீர்: ஒரு கைத்தொழில் மறைந்து மீண்ட வரலாறு



தலைப்பைப் பார்த்துச் சிலர் திகைத்திருப்பீர்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், ஆசிரியர்களும் பெற்றோர்களும் படிக்கின்ற வலைப்பதிவில் பீரைப் பற்றி எழுதலாமா என்ற வினா எழுவது இயல்பே. தோட்டப்புறக் கள்ளுக்கடைகள் எத்தனை குடும்பங்களைச் சீரழித்தன என்பதைக் கண்டவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். எனக்கும் மது அருந்தும் பழக்கம் இல்லை. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் மது காய்ச்சுவது சட்டப்படி குற்றம் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஆகவே, இது செய்முறைக் குறிப்பு அன்று, வரலாற்றுக் கட்டுரை.

போலந்து நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் தாய்மொழிக்காக 1901ஆம் ஆண்டில் நடத்திய போராட்டத்தைப் பற்றிக் குறிப்புகள் திரட்டிக் கொண்டிருந்தேன். அதே மாநிலத்தில், அதே அரசின் கீழ், ஒரு சிற்றூர் தன் பீருக்கு இரண்டு பெயர்களைச் சுமந்து கொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிய வந்தது. அந்தப் பீர் 1993ஆம் ஆண்டில் அடியோடு நின்று போயிற்று. அதனை மீட்டெடுப்பதில் முன்னின்றவர்கள் தங்கள் வீட்டுச் சமையலறையில் பானை வைத்துக் காய்ச்சிய எளிய மனிதர்கள். ஒரு கைத்தொழில் எவ்வளவு விரைவில் மறந்து போகும், அதனைத் திரும்பப் பெறுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த ஊரின் பெயர் கிரோஜிஸ்க். மேற்குப் போலந்தில் பொஸ்னான் நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அவ்வட்டாரத்தைப் பெரும்போலந்து என்று அழைப்பர். ஊர்ப்பெயரை ஒட்டியே அங்குக் காய்ச்சிய பீர் 'கிரோஜிஸ்கியே' எனப்பட்டது.

உலகில் பெரும்பாலான பீர் வகைகள் பார்லியை முளைகட்டி, உலர்த்தி, அதிலிருந்து ஆக்கப்படுகின்றன. கோதுமையைச் சேர்ப்பவர்களும் பார்லியோடு கலந்தே சேர்ப்பர். கிரோஜிஸ்க் மக்களோ முழுக்க முழுக்கக் கோதுமையையே பயன்படுத்தினர். முளைவிட்ட கோதுமையை ஓக் மரக்கட்டைகளின் புகையிலேயே உலர்த்தினர். மதுவின் அளவு ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே. இன்று கடைகளில் விற்கும் பெரும்பாலான பீர்களில் 5 விழுக்காடு இருக்கும். வெளிர்மஞ்சள் நிறம், கண்ணாடி போன்ற தெளிவு, மெல்லிய புகைமணம், ஹாப்ஸ் பூக்களின் கசப்பு, பொங்கி எழும் நுரை ஆகியவையே இதன் அடையாளங்கள். அந்த நுரைக்காகவே இதனைப் 'போலந்தின் ஷாம்பெயின்' என்று சிறப்பித்தனர். உயரமான, மேல்நோக்கி அகன்ற கண்ணாடிக் குவளைகளில் ஊற்றுவது வழக்கம்.

புகைமணம் ஏன் என்று நீங்கள் கேட்கலாம். பழங்காலத்தில் முளைத் தானியத்தை உலர்த்த விறகுத் தீயைவிட்டால் வேறு வழியில்லை. ஆகவே, பல ஊர்களின் பீரிலும் ஓரளவு புகை வாடை இருந்திருக்க வேண்டும். பின்னர், புகை படாமல் வெப்பக் காற்றினால் மட்டும் உலர்த்தும் சூளைகள் வந்தன. பெரும்பாலான ஊர்கள் மகிழ்ச்சியோடு புகையைக் கைவிட்டன. ஜெர்மனியின் பாம்பெர்க், போலந்தின் கிரோஜிஸ்க் போன்ற ஒருசில ஊர்களே அதனை விடாமல் வைத்துக்கொண்டன. மற்றவர் குறை என்று நீக்கியதை இவ்வூரார் தம் அடையாளமாகக் கொண்டனர்.

இவ்வூருக்கு ஒரு கிணற்றுக் கதையும் உண்டு. ஒரு காலத்தில் ஊர்ச் சந்தைத் திடலில் இருந்த கிணறு வற்றிப் போனதாம். லூபின் மடத்தைச் சேர்ந்த பெர்னார்டு என்னும் பெனடிக்டின் துறவி அங்கு வந்து இறைவனை வேண்டிக் கிணற்றை ஆசீர்வதித்தார். நீர் ஊறியது; அந்நீரில் காய்ச்சிய பீர் முன்னிலும் சுவையாக இருந்தது. நன்றிக்கடனாக ஊர் மக்கள் லூபின் மடத்திற்குப் பீப்பாயோடு ஊர்வலமாகச் செல்லும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. பெர்னார்டு உண்மையில் வாழ்ந்தவர். 1603ஆம் ஆண்டில் இளம் வயதிலேயே மறைந்தார்.

இக்கதையை வரலாறாக அப்படியே ஏற்பதற்கில்லை. ஆயினும், ஒதுக்கிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. கிரோஜிஸ்க் கிணற்று நீர் தாது உப்புகள் மிகுந்த வன்னீர். கசப்பான, தெளிவான பீருக்கு இத்தகைய நீர் ஏற்றது என்பதை இன்றைய வேதியியல் ஒப்புக்கொள்கிறது. தங்கள் பீரின் சிறப்பு நீரில்தான் இருக்கிறது என்பதை வேதியியல் அறியாத மக்கள் நாவினால் அறிந்திருந்தனர். அறிந்ததைக் கதையாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனர். நம் ஊர்த் தலபுராணங்களையும் இந்தக் கண்ணோடு படித்தால் சுவையான செய்திகள் கிடைக்கும். அது வேறு கட்டுரை.

1793ஆம் ஆண்டில் போலந்து இரண்டாம் முறையாகக் கூறு போடப்பட்டபோது கிரோஜிஸ்க் பிரஷிய அரசின் கைக்குப் போனது. இடையில், நெப்போலியன் காலத்துச் சில ஆண்டுகளைத் தவிர, முதல் உலகப்போர் முடியும்வரை அது பிரஷிய மண்ணாகவே இருந்தது. ஊரின் ஜெர்மன் பெயர் கிரேட்ஸ். பீரின் பெயர் கிரேட்ஸர். போலந்தியர், ஜெர்மானியர், யூதர் என மூவின மக்களும் ஒரே சந்தைத் திடலைச் சுற்றி வாழ்ந்தனர். யூத சமயத்தில் பெரிதும் மதிக்கப்படும் குருவான எலியா குட்மாகர் 1874இல் மறையும்வரை இவ்வூரில்தான் இருந்தார். பீர் ஆலைத் தொழில் பெருகி வளர்ந்ததும், வெளிநாடுகளுக்குப் புட்டிகள் சென்றதும் இந்தக் காலத்தில்தான். ஆகவே, இது தூய போலந்து மரபு என்று மார்தட்டுவோரின் கூற்றும் சரியன்று. ஜெர்மானியப் பீர் என்று சில நூல்கள் எழுதி வைத்திருப்பதும் சரியன்று. மூன்று சமூகங்களின் உழைப்பு அதில் கலந்திருக்கிறது. மலேசியாவில் வாழும் நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

ஆனால், பீருக்குக் கிடைத்த இடம் மொழிக்குக் கிடைக்கவில்லை. 1873ஆம் ஆண்டில் அம்மாநிலப் பள்ளிகளில் ஜெர்மன் பயிற்றுமொழியாக்கப்பட்டது. 1887இல் போலந்து மொழி ஒரு பாடமாகக்கூட இல்லாமல் நீக்கப்பட்டது. எஞ்சியிருந்தது சமயப் பாடம் ஒன்றுதான். அதனையும் ஜெர்மனில் நடத்த முற்பட்டபோது, 1901ஆம் ஆண்டு மே மாதத்தில் பொஸ்னானுக்குக் கிழக்கேயுள்ள விஷெஸ்னியா என்னும் ஊரின் பிள்ளைகள் ஜெர்மனில் விடை சொல்ல மறுத்தனர். பிரம்படி விழுந்தது. பள்ளி வாசலில் திரண்ட பெற்றோர்மீது வழக்குத் தொடரப்பட்டு, சிலர் சிறைக்கும் அனுப்பப்பட்டனர். 1906, 1907ஆம் ஆண்டுகளில் இப்போராட்டம் மாநிலமெங்கும் பரவிப் பல்லாயிரம் பிள்ளைகள் இதில் ஈடுபட்டனர். அவ்வாண்டுகளில் போலந்து மொழி வீடுகளிலும் தேவாலயங்களிலும் உயிர்வாழ்ந்தது. பள்ளியை இழந்த மொழியைத் தாய்மார்கள் அடுப்படியில் காத்தனர்.

1918ஆம் ஆண்டின் இறுதியில் எழுந்த கிளர்ச்சிக்குப் பிறகு பெரும்போலந்து தாய்நாட்டோடு இணைந்தது. ஊர் மீண்டும் கிரோஜிஸ்க் ஆயிற்று. பீர் கிரோஜிஸ்கியே ஆயிற்று. அடுத்து வந்த போர்க்காலத்தில் ஊரின் யூத சமூகம் நாஜிக் கொடுங்கோன்மையால் துடைத்தழிக்கப்பட்டது. போருக்குப் பின் கம்யூனிச ஆட்சியில் பீர் ஆலை அரசுடைமையானது. இத்தனை அரசுகள் மாறியும் பீர் நிற்கவில்லை. அதனை நிறுத்தியது சந்தை. 1989இல் ஆட்சி மாறியபின் மக்கள் விளம்பரங்களில் கண்ட பொன்னிறப் பீர்களை நாடினர். புகைமணமும் மெல்லிய உடலும் கொண்ட கிரோஜிஸ்கியே கிழவர்களின் பானம் என்று ஒதுக்கப்பட்டது. 1993ஆம் ஆண்டில் ஆலையில் கடைசிக் காய்ச்சல் முடிந்தது. மூன்று போர்களைத் தாண்டிய ஒன்றை வணிகக் கணக்கு முடித்துவைத்தது என்பதைப் படித்தபோது, தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நம் மக்களின் கைகளை விட்டுப் போன தொழில்களை எண்ணிக் கொண்டேன். பால்மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையைச் சீவத் தெரிந்த பாட்டிமார் இன்று எத்தனை பேர்? அவர்களிடம் கேட்டு எழுதி வைத்தவர்கள் எத்தனை பேர்?

கிரோஜிஸ்கியேவை மீட்க முனைந்தவர்கள் போலந்தின் வீட்டுப் பீர் காய்ச்சுவோர். அந்நாட்டில் சொந்தப் பயன்பாட்டிற்காக வீட்டில் காய்ச்சச் சட்டம் இடமளிக்கிறது. அவர்களின் சங்கம் இதற்கெனக் குழு ஒன்றையும் அமைத்தது. ஆலையின் பழைய குறிப்புகளைத் தேடினர். ஓய்வுபெற்ற ஊழியர்களைத் தேடிப் பேசினர். அவர்கள் சந்தித்த இடர்ப்பாடுகள்தான் இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

முதல் இடர், தானியம். ஓக் புகையில் உலர்த்திய முளைக்கோதுமை எந்தக் கடையிலும் இல்லை. பாம்பெர்க் நகரத்துப் புகை மால்ட் கிடைத்தது. ஆனால் அது பார்லி, அதுவும் பீச் மரப்புகையில் உலர்ந்தது. பீச் புகை, உப்பிட்டுப் புகையூட்டிய இறைச்சியின் வாடையைத் தரும். ஓக் புகை அதைவிட மென்மையானது. விறகு மாறினால் பீரும் மாறிவிடும். ஆகவே சிலர் வீட்டுத் தோட்டத்தில் ஓக் கட்டைகளை எரித்துத் தாங்களே புகையூட்டினர். பின்னர் பாம்பெர்க்கைச் சேர்ந்த மால்ட் நிறுவனமொன்று ஓக் புகைக் கோதுமையையே செய்து விற்கத் தொடங்கியது.

இரண்டாவது இடர், வடிகட்டுதல். பார்லிக்கு உமி உண்டு. வெந்நீரில் ஊறிய பார்லி மாவை வடிக்கும்போது அந்த உமியே இயற்கையான சல்லடையாகிவிடும். கோதுமைக்கு அவ்வாறு ஒட்டிய உமி இல்லை; ஊறினால் கூழாகி அடைத்துக்கொள்ளும். வீட்டில் காய்ச்சுவோர் பலர் இதற்குக் கண்ட தீர்வு என்ன தெரியுமா? நெல்லுமி! கழுவிய நெல்லுமியைக் கோதுமையோடு கலந்துவிட்டால் நீர் தங்குதடையின்றி இறங்கும். ஐரோப்பிய மரபொன்றை வீட்டில் காப்பாற்ற நம் வயல்களின் உமி கைகொடுத்தது என்பதைப் படித்துப் புன்னகைத்தேன்.

கோதுமை ஒருபடித்தான வெப்பத்தில் ஊறுவதில்லை. ஏறத்தாழ 38 பாகையில் தொடங்கி, 50ஐத் தாண்டிச் சற்று நிறுத்தி, பின் 70 பாகை செல்சியஸ்வரை படிப்படியாகச் சூடேற்றுவர். அதன்பின் நெடுநேரக் கொதி. ஹாப்ஸ் அருகிலுள்ள நோவி தோமிஷில் வட்டாரத்தைச் சேர்ந்தது. இவ்வளவு மெல்லிய பீருக்குத் தானியமும் குறைவே. 20 லிட்டருக்கு ஏறத்தாழ 3 கிலோ போதும். குறைவான பொருளைக் கொண்டு சுவையானதைச் செய்வது எளிதன்று. கனமான பீரில் பிழைகள் மறைந்துகொள்ளும். இதில் ஒவ்வொன்றும் நாவில் தெரிந்துவிடும். இறுதியில் சர்க்கரை சேர்த்துப் புட்டியில் அடைத்தால் உள்ளேயே மீண்டும் நொதித்து நுரை உண்டாகும். தடித்த புட்டியாக இல்லாவிட்டால் வெடித்துவிடும் ஆபத்தும் உண்டு.

மூன்றாவதும் பெரியதுமான இடர், ஈஸ்ட். செய்முறையைத் தாளில் எழுதி வைக்கலாம். ஈஸ்ட் ஓர் உயிர். உணவூட்டி, புதுப்பித்து, ஒரு கலத்திலிருந்து அடுத்த கலத்திற்கு மாற்றிக்கொண்டே இருந்தால்தான் அது நிலைக்கும். ஆலை மூடியதும் அந்தச் சங்கிலி அறுந்திருக்க வேண்டும். நல்வாய்ப்பாகப் பழைய ஆலையோடு தொடர்புடைய ஈஸ்ட் சிலரிடம் எஞ்சியிருந்தது. குழுவினர் அதிலிருந்து வகைகளைப் பிரித்தெடுத்தனர். தனித்தனியே காய்ச்சிப் பார்த்தனர். ஆலையில் பணியாற்றிய முதியவர்களிடம் சுவைக்கக் கொடுத்தனர். நூலில் எழுதாத ஒன்றுக்கு அந்த நாவுகளைத் தவிர வேறு அளவுகோல் இல்லை. இன்னும் 20 ஆண்டுகள் கழித்து இந்த முயற்சி தொடங்கியிருந்தால் கேட்பதற்கு ஆள் இருந்திருக்க மாட்டார்கள். செய்முறை இருந்திருக்கும், சரியா தவறா என்று சொல்லத்தான் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

மீட்டெடுத்த பீர் பழையதுதானா என்று ஐயுறுவோரும் உண்டு. என் கருத்தில், அச்சு அசலாக அதே பீராக இருக்க முடியாது. சூளை வேறு, பானை வேறு, நெல்லுமியும் சேர்ந்துவிட்டது. ஆயினும், 1793லும் 1919லும் 1950லும் குடித்தது ஒரே பீர்தான் என்று யாரால் சொல்ல முடியும்? வாழும் மரபு ஒவ்வொரு கையிலும் சற்று மாறியே வந்திருக்கிறது.

2011ஆம் ஆண்டில் போலந்தின் சிறு பீர் நிறுவனமொன்று கிரோஜிஸ்கியே முறையில் ஒரு பீரை வெளியிட்டது. 2015இல் கிரோஜிஸ்க் ஊரிலேயே பழைய ஆலை புதுப்பிக்கப்பட்டு மீண்டும் காய்ச்சத் தொடங்கியது. அதே ஆண்டில், அமெரிக்கப் பீர் நடுவர்கள் பயன்படுத்தும் வகைப்பாட்டு நூலில் வரலாற்றுப் பீர்கள் பகுதியில் இது இடம்பெற்றது. ஜெர்மன் பெயரில் அன்று, போலந்துப் பெயரிலேயே. பெர்னார்டின் பெயரைத் தாங்கிய கிணறு பழைய சந்தைத் திடலில் இன்றும் நிற்கிறது.

விஷெஸ்னியா பள்ளிப் பிள்ளைகளின் போராட்டத்தை இங்குச் சுருக்கமாகத்தான் தொட்டேன். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு வாசித்துக் காட்டும் வகையில் அதனைத் தனிக்கட்டுரையாக எழுதி வருகிறேன். அடுத்த பதிவில் சந்திப்போம்.