செட்டிநாட்டுச் சமையலறையில் கணக்கு

செட்டிநாடு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மிளகு வாசனையும் கோழிக் குழம்பும்தான். அடுத்ததாக நினைவுக்கு வருவது வட்டித் தொழிலும் கணக்கு வழக்கும். இந்த இரண்டும் ஒரே வீட்டுக்குள் சந்தித்த இடம் ஒன்று உண்டு. அதுதான் சமையலறை.

இன்று ஹோட்டல் மேனேஜ்மெண்ட் கல்லூரிகளில் 'ஒரு தட்டு உணவுக்கு அடக்க விலை எவ்வளவு' என்பதை ஒரு பாடமாகவே நடத்துகிறார்கள். காரைக்குடிப் பக்கத்துப் பெண்கள் இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்து வந்தார்கள். அதற்குக் காரணம் அவர்கள் வாழ்ந்த குடும்ப முறை.

ஒரே வீடு, பல அடுப்பு

நகரத்தார் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் அளவுக்குப் பெரியவை. அவற்றில் பல குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்தன. ஆனால் சேர்ந்து சமைக்கவில்லை. மகனுக்குத் திருமணம் ஆனால் அவனும் மனைவியும் ஒரு 'புள்ளி'. அவர்களை 'வேறு வைப்பது' வழக்கம். அதாவது தனி அடுப்பு, தனிச் சமையல்.

எட்கர் தர்ஸ்டன் 1909ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலில் இது பதிவாகியுள்ளது. மணமான ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு இவ்வளவு அரிசி என்று ஒதுக்கப்பட்டது. மகன்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்த விதவைத் தாய்க்கும் தனி ஒதுக்கீடு, தனிச் சமையல்தான்.

கணவன் பர்மாவிலோ இலங்கையிலோ மலேயாவிலோ தொழில் பார்க்கிறான். வீட்டில் இருப்பவள் ஒதுக்கியதை வைத்து ஆண்டு முழுவதையும் ஓட்ட வேண்டும். ஒரு நாள் ஒரு ஆழாக்கு அதிகம் போனால் 365 நாளில் 365 ஆழாக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதால் அது ஏறக்குறைய 46 படி அரிசி!

அளவையே வகுத்தல் சொல்லும்

இதற்குக் காகிதமும் பேனாவும் தேவைப்படவில்லை. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. எல்லாம் பாதி பாதியாகக் குறைகிறது. அக்காலத்து ரூபாயும் அப்படித்தான். 16 அணா ஒரு ரூபாய், 8 அணா அரை, 4 அணா கால்.

ஆகவே ஒரு படி ஒரு ரூபாய் என்றால் ஆழாக்கு இரண்டு அணா. படி மூன்று ரூபாய் என்றால் ஆழாக்கு ஆறு அணா. ரூபாயை இரண்டால் பெருக்கினால் ஆழாக்கின் விலை அணாவில் வந்துவிடும். எடைக்கும் இதுபோல் வழி உண்டு. ஒரு வீசைக்கு 40 பலம். புளி வீசை 10 அணா என்றால் ஒரு அணாவுக்கு 4 பலம்.

1957 ஏப்ரலில் ரூபாய் 100 நயா பைசா ஆனது. கிலோ, லிட்டர் முறை 1958 அக்டோபர் முதல் படிப்படியாகத்தான் வந்தது. இடைப்பட்ட நாட்களில் ஒரு ரூபாய்ப் படியில் ஆழாக்கு பன்னிரண்டரை பைசா! மனக்கணக்கு தடுமாறியதில் வியப்பில்லை.

கழிவுக் கணக்கு

கல்யாணச் சமையலில் இன்னொரு கணக்கும் வேண்டும். வாங்கிய எடை முழுவதும் சட்டிக்குப் போவதில்லை. உதாரணமாகச் சின்ன வெங்காயம் கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தோலும் அழுகலும் 200 கிராம் போனால் மிஞ்சுவது 800 கிராம். உரித்த வெங்காயத்தின் உண்மையான விலை என்ன? 20 சதவீதம் கூட்டி 72 ரூபாய் என்பார்கள் பலர். அது தவறு. 60ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும். விடை 75 ரூபாய்.

அளவிலும் இதே தவறு நடக்கும். உரித்த வெங்காயம் 20 கிலோ தேவை என்றால் 24 கிலோ வாங்கினால் போதாது. 19.2 கிலோதான் கிடைக்கும். 25 கிலோ வாங்க வேண்டும். பந்தியில் குறைந்தால் பெண் வீட்டாருக்குத் தலைகுனிவு. மிஞ்சினால் பண நஷ்டம்.

இன்று

1942ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது செட்டிநாட்டின் பல குடும்பங்கள் அங்கிருந்த சொத்தை இழந்தன. வரவு குறைந்த வீடுகளைத் தாங்கியதில் இந்த அடுப்படிக் கணக்குக்கும் பங்கு உண்டு. பிற்காலத்தில் பல வீடுகளின் தூண்களும் பாத்திரங்களும் விற்பனைக்கு வந்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் வீதியின் பழம்பொருள் கடைகளில் இப்படிப்பட்ட சாமான்களைப் பார்க்கலாம்.

அங்கே ஒரு பித்தளைப் படியைக் கண்டால் அலங்காரப் பொருள் என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஒரு காலத்தில் ஒரு புள்ளியின் வரவு செலவுத் திட்டம் முழுவதும் அதற்குள்தான் இருந்தது.