அவசரகாலம் என்ற சொல்

நெருக்கடி நிலை என்றதும் நமக்கு 1975 நினைவுக்கு வருகிறது. மலேயாத் தமிழருக்கு அது 1948. பன்னிரண்டு ஆண்டுகள் நடந்த ஒரு போரை பிரிட்டிஷ் அரசு கடைசிவரை 'அவசரகாலம்' என்றே எழுதியது. போர் என்று ஒப்புக்கொண்டால் ரப்பர் தோட்ட, ஈயச் சுரங்க முதலாளிகளுக்கு லண்டன் காப்பீட்டு நிறுவனங்கள் இழப்பீடு தராது. சொல்லைத் தீர்மானித்ததில் கணக்குப் புத்தகத்துக்கும் பங்குண்டு.

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டதிலிருந்து பலரும் கதையைத் தொடங்குவார்கள். நான் சில நாட்கள் முன்னே போவேன். அப்போதுதான் தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தி, அகில மலேயாத் தொழிற்சங்க சம்மேளனத்தைச் சட்டவிரோதமாக்கினார்கள். ஜப்பானியரோடு போரிடத் தானே ஆயுதம் கொடுத்த கம்யூனிஸ்டுகளை, கூலிப் போராட்டங்கள் வலுத்தபின் பிரிட்டன் வேட்டையாடியது. சம்மேளனத் தலைவராயிருந்த தஞ்சைத் தமிழர் எஸ்.ஏ. கணபதி, ஆயுதம் வைத்திருந்ததாக 1949 மே 4 அன்று தூக்கிலிடப்பட்டார்.

1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனக் குடியானவர்கள், முள்வேலிக்குள் குடியேற்றப்பட்டார்கள். தமிழர் வாழ்ந்த தோட்ட லயங்களையும் வேலி சூழ்ந்தது. காட்டிலிருக்கும் கெரில்லாக்களைப் பட்டினி போடுவதே நோக்கம். அரிசி அளந்து தரப்பட்டது. விடியலில் பால் வெட்டப் போகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதித்தார்கள், பெண்களையும்தான். சமைப்பவளே சந்தேகத்துக்குரியவள் ஆனாள்.

1960இல் அவசரகாலம் முடிந்தது. அதன் உத்திகள் முடியவில்லை. மலேயாவில் பணியாற்றிய ராபர்ட் தாம்சன் சைகோனுக்கு ஆலோசகராகப் போனார். 1962இல் வியட்நாமிலும் வேலியிட்ட கிராமங்கள் எழுந்தன. பிரிட்டன் மலேயாவில் தெளித்த இலையுதிர் மருந்தை அமெரிக்கா முன்னுதாரணமாகக் காட்டியது.

விருத்தாசலத்தில், பீங்கான் பட்டறைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு நான் தமிழ் நடத்துகிறேன். இந்த வரலாற்றைச் சொன்னால் அவர்கள் கேட்பது, "அங்கே பொம்பளைக்கு எவ்வளவு கூலி?" 1920களின் இறுதியில் தோட்டங்களில் நிர்ணயித்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. இந்தப் பத்துக் காசு வித்தியாசம் அவர்களுக்கு விளக்கமில்லாமலே புரிகிறது. கணபதியின் பெயரை வரலாறு வைத்திருக்கிறது. வேலி வாசலில் வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தியின் பெயரையும் என்னால் அவர்களுக்குச் சொல்ல முடியவில்லை. கம்யூனிசத்துக்கு எதிரான போர் என்று அதை எழுதும்போது, அது கூலிக்கும் அரிசிக்கும் எதிராகவும் நடந்தது என்பதைச் சேர்த்தே எழுதவேண்டும்.