இதயத் தமனித் துளைவு

அடைபட்ட இதயத் தமனியைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியின்போது தமனிச் சுவர் துளைபட்டு அல்லது கிழிந்து இரத்தம் வெளியேறும் சிக்கல். அரிதாகவே நிகழ்ந்தாலும் உயிருக்கு ஆபத்தானது.

காரணங்கள்: தமனியின் அளவுக்கு மிஞ்சிய பலூன் அல்லது ஸ்டென்ட், கால்சியம் படிந்து இறுகிய அடைப்பு, மெல்லிய கிளைக்குள் நழுவிச் செல்லும் வழிகாட்டிக் கம்பியின் நுனி ஆகியவை. நாள்பட்ட முழு அடைப்புகளைத் திறக்கும்போது இது கூடுதலாக நேர்கிறது. முதியோருக்கும் பெண்களுக்கும் ஆபத்து சற்று அதிகம்.

வகைப்பாடு: அமெரிக்க இதயநோய் மருத்துவர் ஸ்டீபன் எல்லிஸும் குழுவினரும் 1994-இல் வெளியிட்ட பகுப்பே இன்றும் வழக்கில் உள்ளது. முதல் வகையில் தமனிக்கு வெளியே சிறு குழிவு மட்டும் தெரியும், எக்ஸ்ரே படத்துக்காகத் தமனியில் செலுத்தும் சாயம் கசியாது. இரண்டாம் வகையில் இதயத் தசையிலோ இதய உறையிலோ சாயம் மங்கலாகப் படரும். மூன்றாம் வகையில் 1 மி.மீ. அல்லது அதற்கும் பெரிய துளை வழியே சாயம் பீறிடும். இதய அறைக்குள் கசிவது தனி உட்பிரிவு.

விளைவும் சிகிச்சையும்: இதய உறைக்குள் தேங்கும் இரத்தம் இதயத்தை அழுத்தி, இரத்த அழுத்தத்தைச் சரியச் செய்யும். பலூனை விரித்துக் கசிவை உடனே அடைப்பதே முதல் நடவடிக்கை. பெருந்துளைக்கு உறையிட்ட ஸ்டென்ட், நுனிக் கிளைத் துளைக்குச் சுருள்கம்பி, தேங்கிய இரத்தத்துக்கு ஊசிவழி வெளியேற்றம் ஆகியவை கைகொடுக்கும். இவை பலிக்காதபோது அறுவை சிகிச்சை தேவை. கம்பி ஏற்படுத்தும் நுண்துளையின் விளைவு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம் என்பதால் தொடர் எக்கோ கண்காணிப்பு அவசியம்.