இரத்தக் கொதிப்பும் சிறுநீரகமும்

கோடை வெயிலில் மாஹிம் ரயில் நிலையத்தில் இறங்கித் தாராவிப் பக்கம் நடக்கும் நமக்கு, வீடு சேருமுன் ஆடை முழுதும் வியர்வையில் நனைந்துவிடுகிறது. இவ்வளவு நீரும் உப்பும் உடலை விட்டு நீங்கியும் நாம் மயங்கி வீழ்வதில்லை. காரணம், முதுகுப்புறத்தே அமைந்த இரு சிறுநீரகங்கள் அவ்வேளையில் ஆற்றும் பணியே. கழிவு நீரைப் பிரிப்பது மட்டுமே அவற்றின் தொழிலன்று. இரத்த அழுத்தத்தையும் அவை ஆள்கின்றன. இவ்வுண்மையை உலகம் அறிந்துகொண்ட வரலாற்றில் நாம் வாழும் பம்பாய்க்கும் ஒரு பங்குண்டு.

1898ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் டிகர்ஸ்டெட் என்னும் பேராசிரியரும் அவருடைய மாணவர் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றை மற்றொரு முயலின் இரத்தத்தில் செலுத்தினர். உடனே இரத்த அழுத்தம் உயர்ந்தது. அச்சாற்றிலிருந்த பொருளுக்கு ரெனின் என்று பெயரிட்டனர். ஆயினும் பல்லாண்டுகள் அதனைப் பொருட்படுத்துவார் அதிகமில்லை. 1934இல் அமெரிக்க மருத்துவர் கோல்ட்பிளாட், நாய்களின் சிறுநீரகத்துக்குச் செல்லும் தமனியைச் சற்றே இறுக்கினார். உடல் முழுவதும் அழுத்தம் ஏறியது. இரத்தம் குறைவாக வரும்போது சிறுநீரகம் குரல் எழுப்புகிறது என்பது அதனால் உறுதியாயிற்று.

அக்குரலே ரெனின். அது ஈரல் சுரக்கும் ஒரு புரதத்தைப் பிளக்கிறது. பிளந்து வந்த துண்டு, பெரும்பாலும் நுரையீரலிலே மேலும் மாற்றமடைந்து, ஆஞ்சியோடென்சின் என்னும் வீரியமிக்க பொருளாகிறது. அது இரத்த நாளங்களைச் சுருக்குகிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்த அட்ரினல் சுரப்பியைத் தூண்டி ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது. அந்த ஹார்மோனின் ஆணைப்படி சிறுநீரகம் உப்பை வெளியே விடாது தேக்க, உப்பைத் தொடர்ந்து நீரும் தங்குகிறது. வியர்த்துக் களைத்தவனைக் காக்கும் இவ்வேற்பாடே, அளவு மீறினால் இரத்தக் கொதிப்புக்குத் துணையாகிறது.

இனி பம்பாய்க்கு வருவோம். மாஹிமுக்குச் சில மைல் தெற்கே, பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையில் பணியாற்றியவர் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல். நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலம் கையாண்ட சர்ப்பகந்தி வேர் இரத்தக் கொதிப்பைத் தணிப்பதை ஆராய்ந்து, 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் அவர் வெளியிட்டார். மேல்நாட்டு மருத்துவர்களின் கவனம் இவ்வேரின்பால் திரும்பியது. நரம்புகளின் தூண்டுதலைத் தணித்து நாளங்களைத் தளர்த்துவது இம்மருந்தின் இயல்பு. ஆனால் அழுத்தம் தாழ்ந்ததும் சிறுநீரகம் வாளாவிருக்கவில்லை. உப்பையும் நீரையும் தேக்கத் தொடங்கியது. ஆகவே, நீரைப் பெருக்கி வெளியேற்றும் மருந்தையும் உடன் கொடுக்கலாயினர்.

சிறுநீரகத்தின் ஆணையையே தடுக்கும் வழி பின்னர்ப் பிறந்தது. பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சை ஃபெரேரா 1965இல் ஆராய்ந்ததே அதற்கு வித்து. அதன் பயனாக உருவான காப்டோபிரில், ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கும் மருந்தாக 1981இல் அமெரிக்காவில் வழக்குக்கு வந்தது. சர்ப்பத்தின் பெயர் பூண்ட வேரிலிருந்து சர்ப்பத்தின் நஞ்சு வரை சென்ற விந்தை இது!

ஊர்விட்டு வந்த நாம் ஊறுகாயையும் அப்பளத்தையும் கருவாட்டையும் மறப்பதில்லை. நாவுக்கு அவை இனியவை. சிறுநீரகத்துக்கோ உப்பின் பாரம். நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரத்தக் கொதிப்பு வலியின்றி வளர்வது. வலியில்லையே என்று மருந்தை நாமாக நிறுத்துவது பேதைமை. ஓயாது நம்மைக் காக்கும் சிறுநீரகத்தை நாமும் காப்போமாக.